அறுபது வரை பொறுக்கச் சொன்னது யார்?

முப்பது வயதில் இடுப்பு மூட்டு கெட்டுப்போனவர்களுக்கு அக்கம்பக்கத்திலும் சில சமயம் மருத்துவமனையிலும் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். செயற்கை மூட்டு 15 வருடம்தான் தாங்கும், இப்போதே வைத்துக்கொண்டால் 45 வயதில் மறுபடி அறுக்க வேண்டியிருக்கும், 60 வயதில் இன்னொரு முறை என்று விரல்விட்டு எண்ணிக் காட்டுவார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். அதை நம்பி, மாடிப்படி ஏற முடியாமல், குனிந்து செருப்பு மாட்ட முடியாமல், இரவில் புரண்டு படுக்க முடியாமல் பத்துப் பதினைந்து வருடங்களை வலி மாத்திரையோடு கழிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த அறிவுரை மனித உடலைப் பார்த்துச் சொல்லப்பட்டதல்ல. ஒரு காலத்தில் மூட்டுக்குள் வைக்கப்பட்ட பிளாஸ்டிக்கைப் பார்த்துச் சொல்லப்பட்டது. அந்தப் பிளாஸ்டிக் மாறிவிட்டது. அறிவுரை மட்டும் மாறவில்லை. இள வயதில் இடுப்பு மூட்டுவாதம் வந்தவர் எந்த அறுவையைத் தேர்ந்தெடுப்பது என்பதை அவருடைய வயது தீர்மானிக்கக் கூடாது. மூட்டில் இன்னும் என்ன மிச்சமிருக்கிறது என்பதுதான் தீர்மானிக்க வேண்டும்.

வயது விதி பிறந்த இடம் இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள ரைட்டிங்டன் மருத்துவமனை. அங்கே ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர் 1950களின் இறுதியில், தேய்ந்த தொடை எலும்புத் தலைக்குப் பதிலாக ஓர் உலோகப் பந்தையும், அது உட்கார்ந்து சுழல ஒரு டெஃப்லான் கிண்ணத்தையும் பொருத்திப் பார்த்தார். தோசைக்கல்லில் பூசப்படும் அதே டெஃப்லான்தான். வழுக்கியது என்னவோ உண்மை, ஆனால் சில ஆண்டுகளிலேயே தேய்ந்து, அதன் துகள்கள் சுற்றியிருந்த திசுவைப் புண்ணாக்கின. மனம் நொந்தவர், டெஃப்லான் துணுக்கைத் தன் தொடையிலேயே பதித்து உடல் அதை எப்படி எதிர்க்கிறது என்று சோதித்ததும் உண்டு. 1962 நவம்பரில் அவர் அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீனுக்கு மாறினார். இன்றைய இடுப்பு மாற்று அறுவையின் பிறப்பு அதுதான். ஆனால் பாலிஎதிலீனும் தேயத்தான் செய்தது, மெதுவாக. தேய்ந்த நுண்துகள்களை விழுங்க வரும் வெள்ளணுக்கள் அவற்றைச் செரிக்க முடியாமல் சில வேதிப்பொருள்களைச் சுரக்க, அவை பக்கத்து எலும்பை அரித்துவிட, சுவரில் அடித்த ஆணி ஆடுவதுபோல மூட்டு தளர்ந்துபோகும். அதிகம் நடப்பவருக்கு அதிகம் தேயும் என்பதால், ஓடியாடாத முதியவர்களுக்கே இது பொருந்தும் என்று சார்ன்லியின் தலைமுறை முடிவு செய்தது. கையில் இருந்த பொருளுக்கு அது சரியான முடிவு.

1990களின் இறுதியில் பாலிஎதிலீனைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பின்னிவிடும் முறை வந்தது. பொருள் அதேதான், பிணைப்புதான் புதிது. தேய்மானம் பெருமளவு குறைந்தது. ஆய்வுக்கூடத்தில் குறைந்தால் போதாது, மனிதர்களிடம் குறைய வேண்டும். அதற்குச் சான்று தருபவை தேசியப் பதிவேடுகள். நாட்டில் பொருத்தப்படும் ஒவ்வொரு செயற்கை இடுப்பு மூட்டையும் பதிந்து, அது எப்போது கழற்றப்படுகிறது என்று கண்காணிக்கும் ஏற்பாடு இது. ஸ்வீடன் 1979லும், ஆஸ்திரேலியா 1999லும் இதைத் தொடங்கின. ஆஸ்திரேலியப் பதிவேட்டின்படி, 16 ஆண்டு முடிவில் பழைய பாலிஎதிலீன் வைத்தவர்களில் 11.7 சதவீதத்தினருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. புதியதை வைத்தவர்களில் 6.2 சதவீதத்தினருக்கு மட்டுமே. 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, இடுப்பு மாற்று மூட்டுகளில் 58 சதவீதம் 25 ஆண்டுகள் தாங்குகின்றன என்று கணக்கிட்டது. 25 ஆண்டு வரலாறு வேண்டுமென்றால் 1990களின் தொடக்கத்திலோ அதற்கு முன்போ பொருத்தியவற்றைத்தான் எண்ண முடியும் என்பதால், அந்த எண் பெரும்பாலும் பழைய பொருளின் எண். 15 வருடக் கணக்குச் சொல்பவர்கள் கையில் வைத்திருப்பது பழைய பஞ்சாங்கம்.

அப்படியானால் வலிக்கத் தொடங்கியவுடனே மாற்றிவிடலாமா என்றால், அதுவும் தவறு. இளையவர்களின் இடுப்பு சும்மா தேய்வதில்லை. முதுமையில் வரும் தேய்மானத்துக்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை. 30 வயதில் வரும் தேய்மானத்துக்குப் பின்னால் அநேகமாக எப்போதும் ஒரு காரணம் இருக்கிறது. பிறவியிலேயே கிண்ணம் ஆழமில்லாமல் இருந்திருக்கலாம். பந்தின் விளிம்பு புடைத்துக் கிண்ணத்தோடு இடித்துக்கொண்டே இருந்திருக்கலாம். தொடைத் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைபட்டு எலும்பு உள்ளேயே செத்துப்போயிருக்கலாம்; ஸ்டீராய்டு மருந்துகளும், மதுவும், விபத்தும் இதற்குப் பெரிய காரணங்கள். இல்லையென்றால், முதுகெலும்பை இறுக்கும் அழற்சி நோயோ சிறுவயது முடக்குவாதமோ மூட்டைத் தின்றிருக்கலாம். நான்கும் எக்ஸ்ரேயில் கடைசியில் ஒரே காட்சியாகத்தான் முடியும். தொடக்கத்தில் நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால் காரணம் என்ன, குருத்தெலும்பு எவ்வளவு மிச்சம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் எந்த அறுவையைப் பற்றியும் பேசுவதில் பயனில்லை. இடுப்பு மூட்டின் வலி இடுப்பின் பக்கவாட்டில் தெரிவதைவிடத் தொடை இடுக்கில்தான் அதிகம் தெரியும். சிலருக்கு முழங்காலில் மட்டும் தெரியும். முழங்காலையே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக் காலம் போய்விடுவது அதனால்தான்.

மூட்டைக் காப்பாற்றும் அறுவைகளில் மிகவும் சான்றுள்ளது, ஆழமில்லாத கிண்ணத்துக்குச் செய்யப்படுவது. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸ் 1984இல் தொடங்கிய முறை இது. கிண்ணத்தைச் சுற்றியுள்ள இடுப்பெலும்பை வெட்டி, கிண்ணத்தை மட்டும் திருப்பி, பந்தின்மேல் சரியாகக் குடை பிடிக்கும்படி திருகாணியால் பொருத்திவிடுவார்கள். சொந்த மூட்டு சொந்தமாகவே இருக்கும். பெர்னில் முதலில் செய்த 75 இடுப்புகளைப் பின்தொடர்ந்தபோது 20 ஆண்டுகளுக்குப் பின் 60 சதவீதமும், 30 ஆண்டுகளுக்குப் பின் 29 சதவீதமும் நிலைத்திருந்தன. குறைவாகத் தோன்றலாம், ஆனால் மருத்துவர்கள் கைபழகிய காலத்து அறுவைகளும், ஏற்கெனவே தேய்ந்திருந்த மூட்டுகளும் அதில் அடக்கம். 40 வயதைத் தாண்டியவர்களுக்கும், தேய்மானம் முற்றியவர்களுக்கும் பலன் குறைவு என்பதை அதே ஆய்வுகள் காட்டின. ரத்த ஓட்டம் நின்ற தொடைத் தலைக்கும் இதே நியாயம்தான். தலை உருண்டையாக இருக்கும்வரை, உள்ளே துளையிட்டு அழுத்தத்தைக் குறைத்துப் பார்க்கலாம். உருண்டை நசுங்கிவிட்டால் துளையிடுவதில் பலனில்லை. நசுங்குவதற்கு முன் எக்ஸ்ரே சுத்தமாகத் தெரியலாம், எம்ஆர்ஐ ஸ்கேன்தான் காட்டிக்கொடுக்கும். எலும்பு இடிப்பதைச் சரிசெய்யும் நுண்துளை அறுவையும் குருத்தெலும்பு நன்றாக இருப்பவருக்கே உதவும். மூட்டின் இடைவெளி 2 மில்லிமீட்டருக்கும் குறைந்தவர்களில் பலர் சீக்கிரமே மாற்று மூட்டுக்குப் போய்ச் சேருகிறார்கள். அழற்சி நோய் மூட்டு முழுவதையும் ஒரே நேரத்தில் தாக்குவதால், எலும்பைத் திருப்பி வைப்பதால் அங்கே லாபமில்லை; மருந்தால் நோயை அடக்குவதுதான் அங்கே மூட்டைக் காக்கும் வழி.

ஆக, பொறுத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் எதையாவது காப்பாற்ற முடிகிறபோது மட்டும். குருத்தெலும்பு முற்றிலும் போய், எலும்பும் எலும்பும் உரசத் தொடங்கியபின் காத்திருப்பதால் காப்பாற்றப்படுவது எதுவுமில்லை. வலிக்குப் பயந்து அந்தக் காலை ஊன்றாமல் விடும்போது தொடைத் தசை சூம்பும். மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகும். அதை ஈடுகட்ட முதுகு வளையும், முழங்கால் கோணும். அறுவைக்குமுன் எவ்வளவு மோசமாக நடந்தார்களோ, அறுவைக்குப் பின்னும் அதற்கேற்பக் குறைவாகவே தேறுகிறார்கள் என்பது பல ஆய்வுகள் ஒப்புக்கொண்ட உண்மை. வேலைக்குப் போய், குடும்பம் நடத்தி, குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டிய வயது 30 முதல் 50 வரை. அந்த வருடங்களை வலிக்குக் கொடுத்துவிட்டு, ஓய்வுபெற்ற பிறகு நடப்பதற்காக மூட்டைச் சேமித்து வைப்பது, பசிக்கிற வயதில் பட்டினி கிடந்து பல் போன பிறகு விருந்துக்குப் போவது போல.

மாற்றுவது என்று முடிவான பிறகு இளையவர்கள் முன் இரண்டு வழிகள் வைக்கப்படுகின்றன. ஒன்று முழு மாற்று: தொடை எலும்பின் தலையை வெட்டி எடுத்துவிட்டு, எலும்பின் தண்டுக்குள் உலோகக் காம்பை இறக்கி, அதன் நுனியில் பந்து வைப்பது. மற்றது மேற்பூச்சு முறை: தலையை வெட்டாமல் செதுக்கி, பல்லுக்குக் கேப் போடுவதுபோல உலோகத் தொப்பி மாட்டி, உலோகக் கிண்ணத்தில் சுழலவிடுவது. டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரே இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தவர். 2018 ஜனவரியில் மெல்போர்னில் செய்த அறுவை அவர் வலியைத் தீர்க்கவில்லை. 2019 ஜனவரியில், 31 வயதில், லண்டனில் மேற்பூச்சு அறுவை செய்துகொண்டார். அதே ஆண்டு ஜூனில் குவீன்ஸ் போட்டியின் இரட்டையர் பட்டத்தையும், அக்டோபரில் ஆண்ட்வெர்ப்பில் ஒற்றையர் பட்டத்தையும் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை ஆடினார். இள வயதில் மூட்டு மாற்றினால் வாழ்க்கை முடிந்தது என்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டாம். ஆனால் மர்ரேயைப் பார்த்து எல்லோரும் மேற்பூச்சு முறையைக் கேட்கலாம் என்று நினைப்பது, வெற்றிபெற்ற ஒருவரை வைத்துத் தோற்ற ஆயிரம் பேரை மறப்பதாகும்.

காரணம், உலோகமும் உலோகமும் உரசினால் கோபால்ட், குரோமியம் அயனிகள் ரத்தத்தில் கலக்கும். சிலருக்கு மூட்டைச் சுற்றியுள்ள திசு வீங்கிக் கட்டிபோலாகும், தசையே அழிந்துபோகும். 1997இல் பர்மிங்ஹாமில் டெரிக் மெக்மின் அறிமுகப்படுத்திய மேற்பூச்சு மூட்டு, பெரிய எலும்புள்ள இளம் ஆண்களிடம் நன்றாக உழைத்தது; பெண்களிடமும் சிறிய மூட்டு உள்ளவர்களிடமும் தோல்வி அதிகம். 2015இல் அதன் தயாரிப்பாளரே பெண்களுக்கும் சிறிய அளவுகளுக்கும் அதை விற்பதை நிறுத்திக்கொண்டார். அதே கருத்தில், அதே உலோகத்தில், ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிப்யூ நிறுவனம் கொண்டுவந்த ஏஎஸ்ஆர் மூட்டு இன்னும் மோசமாகத் தோற்றது. அதன் கிண்ணம் சற்று ஆழம் குறைந்தது. அதனால் விளிம்பில் உரசல் அதிகம். உலகம் முழுவதும் சுமார் 93,000 பேருக்கு வைக்கப்பட்ட பிறகு 2010 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் மட்டும் சுமார் 4,700 அறுவைகள். 2018இல் மத்திய அரசு இழப்பீட்டுக்கு ஒரு கணக்கீட்டு முறையே வகுக்க வேண்டிவந்தது. அந்த மூட்டின் ஆபத்தை முதலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவற்றில் ஆஸ்திரேலியப் பதிவேடும் ஒன்று. இளையவர்களுக்கு இதில் உள்ள பாடம் சற்றுக் கசப்பானது. புதியது, சுறுசுறுப்பான வாழ்க்கைக்கென்றே செய்யப்பட்டது என்ற விளம்பரம் முதலில் அவர்களைத்தான் தேடி வரும். தவறிப்போனால் அதிக காலம் சுமக்க வேண்டியவர்களும் அவர்கள்தான். எனவே எலும்பு பெரிதாக உள்ள, கடினமாக உழைக்க அல்லது விளையாட விரும்பும் இளம் ஆணுக்கு மேற்பூச்சு முறை இன்றும் யோசிக்கத்தக்கது. மற்ற பெரும்பாலோருக்கு, பின்னப்பட்ட பாலிஎதிலீன் கிண்ணத்தில் செராமிக் பந்து சுழலும் முழு மாற்றே பாதுகாப்பானது. கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ள பெண்ணுக்கு உலோக உரசல் மூட்டைத் தவிர்க்கவே சொல்கிறார்கள், அந்த அயனிகள் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவை எட்டும் என்பதால். முழு மாற்று செய்துகொண்ட பெண்கள் இயல்பாகப் பிரசவிப்பதற்கு மூட்டு பொதுவாகத் தடையாவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கேள்வி நிற்கும்: இரண்டாவது அறுவை வந்தே தீருமே? வரலாம் என்பதை மறைக்கக் கூடாது. 2017இல் லான்செட்டில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு, 70 வயதுக்குப் பின் மூட்டு மாற்றியவர்களுக்கு வாழ்நாளில் மறு அறுவை வரும் வாய்ப்பு 5 சதவீதம் என்றும், 50களின் தொடக்கத்தில் மாற்றிய ஆண்களுக்கு 35 சதவீதம் என்றும் கண்டது. முப்பதுகளில் இருப்பவர் தன் வாய்ப்பு அதைவிடக் கூடுதல் என்று வைத்துக்கொள்வதே நேர்மை. மறு அறுவை முதல் அறுவையைவிடச் சிக்கலானது, எலும்பு இழப்பு அதிகம், பலன் சற்றுக் குறைவு. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. 60 வயதுக்குள் மாற்றி, பின்னர் மறு அறுவைக்கு ஆளானவர்களில் பாதிப் பேருக்கு அது நாலரை ஆண்டுக்குள்ளேயே நேர்ந்துவிட்டது. தேய்மானம் அவ்வளவு சீக்கிரம் மூட்டைக் கெடுக்காது. தொற்றும், பந்து நழுவுவதும், சரியாகப் பொருந்தாமையும் ஆரம்பத்திலேயே வருபவை. அவற்றைப் பத்து வருடம் காத்திருப்பதால் தடுக்க முடியாது. நல்ல கையும் நல்ல மூட்டும் தேர்ந்தெடுத்தால் குறைக்கலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த ஆய்வில், ஆண்டுக்கு 35க்கும் குறைவான இடுப்பு மாற்று அறுவைகள் செய்யும் மருத்துவர்களின் நோயாளிகளுக்கு நழுவலும் மறு அறுவையும் அதிகமாக இருந்தன. வயதை எண்ணிக் கவலைப்படும் நேரத்தில், மருத்துவர் ஆண்டுக்கு எத்தனை செய்கிறார் என்று கேட்பது மேல்.

நம் ஊரில் இன்னொரு கவலையும் சேர்கிறது. தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட வேண்டும், குத்தவைத்து உட்கார வேண்டும், கோயில் பிரகாரத்தில் விழுந்து கும்பிட வேண்டும். மாற்றிய மூட்டு இதற்கெல்லாம் தாங்குமா? ஒரு காலத்தில் இந்தத் தேவைக்காகவே, கெட்ட பந்தை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமனே விட்டுவிடும் பழைய அறுவையை இங்கே பலருக்குச் செய்தார்கள். குத்தவைக்க முடியும், ஆனால் கால் குட்டையாகி விந்தி நடக்க வேண்டும். இன்று அந்தப் பேரத்துக்கு அவசியமில்லை. பெரிய பந்தும், பிரான்ஸில் 1970களில் பிறந்த இரட்டைச் சுழல் கிண்ணமும் நழுவலைக் குறைத்திருக்கின்றன. கால்களை அகட்டி வெளிப்புறம் திருப்பி உட்காருவதைவிட, முழங்காலை உள்நோக்கித் திருப்பியபடி ஆழமாகக் குனிவதுதான் அதிக ஆபத்து. எதை எப்போது செய்யலாம் என்பது பொருத்திய மூட்டையும், எந்தப் பக்கமாகத் திறந்தார்கள் என்பதையும் பொறுத்தது. அதை அறுவைக்குப் பிறகு அல்ல, முன்பே கேட்டுவிட வேண்டும். அழற்சி நோய்க்காரர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டைப் பொதுவாக நிறுத்துவதில்லை; உயிரியல் ஊசிகளை அவற்றின் தவணைக்கேற்ப நிறுத்தி அறுவையை வைப்பார்கள். முதுகு இறுகியவருக்குக் கிண்ணத்தை வைக்கும் கோணமே மாறும் என்பதால் வாதநோய் மருத்துவரும் எலும்பு மருத்துவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

நோயாளிக்கு இவ்வளவு தெரிய வேண்டுமா, மருத்துவரிடம் விட்டுவிடலாமே என்றும் கேட்கலாம். வெட்டுவதையும் பொருத்துவதையும் மருத்துவரிடம் விடத்தான் வேண்டும். ஆனால் அந்த மூட்டோடு 40 ஆண்டு வாழப்போகிறவர் மருத்துவர் அல்ல. இந்தியாவில் செயற்கை மூட்டுகளைப் பதிவேட்டில் ஏற்றுவது கட்டாயமாக இல்லாததால், பொருத்தப்படும் மூட்டின் பெயரையும் மாதிரியையும் ஒட்டுவில்லையோடு வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்வது நோயாளியின் பொறுப்பாகிறது. ஏஎஸ்ஆர் பாதிப்பில் இழப்பீடு கேட்டவர்களுக்கு அந்தக் காகிதம்தான் துணை. 10 ஆண்டில் 5 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ தோற்கும் மூட்டையே பயன்படுத்த வேண்டும் என்று இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2014இல் வகுத்த அளவுகோலை இங்கேயும் கேள்வியாக வைக்கலாம்: இந்த மூட்டு எந்த நாட்டுப் பதிவேட்டில், எத்தனை ஆண்டு, எப்படி உழைத்திருக்கிறது? அதற்கும் முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. என் இடுப்பு ஏன் கெட்டது, அதில் காப்பாற்ற இன்னும் ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது என்றால் உடனே காப்பாற்றும் அறுவைக்குப் போக வேண்டும், ஏனென்றால் அந்த வாய்ப்புக்கு ஆயுள் குறைவு. இல்லை என்றால் மாற்றும் அறுவையைத் தள்ளிப்போட வயது ஒரு காரணமல்ல. இரண்டு பதிலிலும் 60 என்ற எண்ணுக்கு வேலை இல்லை.